இடது கதவில் இரண்டு தட்டு

2012 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. ஹூப்ளிக்கு வெளியே கப்பூர் புறவழிச்சாலையை ஒட்டிய சன்னபசப்பாவின் லாரி நிறுத்தத்தில் பதினான்கு லாரிகள் நின்றன. ஓட்டுநர்கள் பதின்மூன்று பேர் இருந்தார்கள்.

பதினான்காவது ஆளாக நாகவேணி வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். வயது முப்பத்தொன்று. ஆறு வருடம் ஊருக்குள் குப்பை வண்டி ஓட்டியவள். கனரக வாகன உரிமம் கைக்கு வந்த மறுநாளே, குப்பை ஒப்பந்தக்காரரின் மேசைமேல் பழைய வண்டியின் சாவியை வீசிவிட்டு வந்திருந்தாள். வீசிய வேகத்தில் அவருடைய தேநீர் கவிழ்ந்து வேட்டியில் ஊற்றிவிட்டது. திரும்பிப் போய் வேலை கேட்க அங்கே இனி வழியில்லை.

சன்னபசப்பா செய்தித்தாளில் வைத்திருந்த கிர்மிட் பொரியைத் தின்றபடியே அவளுடைய உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எண்ணெய் ஒட்டியது. அவர் துடைக்கவில்லை.

"இதுல இருக்கறது நீதானா?"

"என்னைப் பாத்தா வேற யாரு மாதிரியாவது இருக்கா, சவுகாரே?"

"அதுக்கில்லம்மா. வீட்டுக்காரர் லைசென்ஸைத் தூக்கிட்டு வர்ற கூட்டமும் இருக்கு."

"வீட்டுக்காரர் இல்லை."

"போயிட்டாரா?"

"இன்னும் பொறக்கவே இல்லை."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்கள் சிரித்தார்கள். சன்னபசப்பா சிரிக்கவில்லை. பொரியைத் தள்ளி வைத்துவிட்டு விதிகளைச் சொன்னார்.

"மூணு நடை. துறைமுகத்துக்கு மக்காச்சோளம், திரும்ப நிலக்கரி. மூணும் கீறல் இல்லாம போயிட்டு வந்தா வண்டி உன் கையில. ஒரே ஒரு புகார் வந்தாலும் சாவியை வச்சுட்டு நடையைக் கட்டணும். வைக்கணும், புரியுதா? வீசறதெல்லாம் அந்தக் குப்பைக்காரன்கிட்டயே முடிஞ்சுது."

சாவி வீசிய செய்தி அவளுக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்திருந்தது.

"கிளீனர் யாரு சவுகாரே?"

"கிளீனரை எல்லாம் நிறுத்தி எட்டு மாசமாச்சு. ஆள் இருந்தாத்தானே அடிபடுவான்? ஆளே இல்லைன்னா கேஸே இல்லை பாரு."

தன் புத்திசாலித்தனத்தைத் தானே ரசித்தபடி அவர் மீண்டும் பொரியை இழுத்துக்கொண்டார்.

லாரியின் இடது பக்கம் ஓட்டுநருக்குப் பாதி குருடு. அந்தப் பக்கத்தின் கண்தான் கிளீனர். நின்ற வண்டியை எடுப்பதற்குமுன் சுற்றிப் பார்த்து, இடது கதவில் உள்ளங்கையால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் எடு. இரண்டு தட்டு கேட்ட நொடியில் வண்டியை எடுப்பது அந்தச் சாலையில் ஓட்டுநரின் கௌரவம். கேட்ட பிறகும் இறங்கிப் பார்ப்பவனைக் கற்றுக்குட்டி என்பார்கள்.

நாகவேணி ஆறு வருடமும் இறங்கிப் பார்த்தவள். குப்பை வண்டியில் தட்டுகிற ஆட்கள் ஒரு கையில் செல்போனைப் பார்த்துக்கொண்டே மறுகையால் தட்டுவார்கள். பழைய ஹூப்ளியின் சந்துகளில் வண்டிக்குப் பின்னால் எருமை படுத்திருக்கும், குழந்தை குந்தியிருக்கும். அடுத்தவன் கை தட்டுகிற சத்தத்துக்குத் தன் காலை அசைப்பதில்லை என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்துகொண்டவள் அவள்.

அவளுக்குக் கொடுத்த வண்டி நிறுத்தத்தின் கடைசியில், கருவேல மரத்தடியில் தனியாக நின்றது. பத்துச் சக்கரம், நீல நிறம். எட்டு மாதமாக ஓடவில்லை. பேட்டரியை மட்டும் புதிதாக மாட்டியிருந்தார்கள். இடது கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நீலம் முழுதாகத் தேய்ந்து தகரம் தெரிந்தது. அந்த இடம் லேசாகக் குழிந்தும் இருந்தது. வருடக்கணக்கில் ஒரே கை ஒரே இடத்தில் தட்டியிருக்க வேண்டும்.

உள்ளே பீடிப் புகையும் நனைந்த கோணியும் கலந்த நாற்றம். அரை பாட்டில் பினாயில் ஊற்றித் தேய்த்தாள். பினாயில் வாசனை கால் மணி நேரம் தாங்கியது. பிறகு பீடி திரும்பி வந்தது.

இன்ஜினைப் போட்டு, பிரேக்குக்கான காற்றழுத்தம் ஏறட்டும் என்று காத்திருந்தாள்.

இடது கதவில் இரண்டு தட்டு விழுந்தது.

இறங்கிச் சுற்றி வந்தாள். நான்கு பேர் கதவருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ருத்ரகவுடா. பதினாறு வருட அனுபவம். மலைப்பாதையில் டீசல் மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் வண்டியை உருட்டி இறங்குவார். அதைத் திறமை என்று நம்பினார், அடுத்தவர்களையும் நம்பவைத்திருந்தார்.

"எத்தனை தடவை எறங்கி ஏறுவீங்க மேடம்? முட்டைக்கு எடம் பாக்கற கோழி மாதிரி?"

"ஒரு கதவைத் தட்ட நாலு பேரா, கவுடரே? உங்க வீட்டுக் கதவையும் இப்படிக் கூட்டமாப் போய்த்தான் தட்டுவீங்களா?"

மற்ற மூவரும் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ருத்ரகவுடாவின் கழுத்து சிவந்தது.

"பேசு பேசு. பரமப்பா வண்டியைத்தானே உன் தலையில கட்டியிருக்காரு சவுகார்."

சிரிப்பு நின்றது. ஒருவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

"யாரு பரமப்பா?"

"பழைய கிளீனர்."

"இப்ப எங்க?"

"வேலையை விட்டுட்டாரு," என்றார் செருப்பைச் சரிசெய்தவர், நிமிராமலே.

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பதினாறு டன் மக்காச்சோளத்தோடு நாகவேணி கிளம்பினாள். ருத்ரகவுடாவின் லாரியும் அதே சரக்கோடு பின்னால் வந்தது. கல்கட்டகி தாண்டி, எல்லாப்பூர் தாண்டி, அரபைல் மலைப்பாதையின் தலைப்புக்கு வந்தபோது மணி எட்டு. வெயில் வந்திருக்க வேண்டிய நேரம்.

வரவில்லை.

காட்டின் மேல் மூடுபனி உட்கார்ந்திருந்தது. முகப்பு விளக்கின் வெளிச்சம் பத்தடி போய் அங்கேயே நின்றுவிட்டது. மரங்கள் தெரியவில்லை, அவற்றிலிருந்து சொட்டுகிற நீர் மட்டும் கூரைமேல் கேட்டது. ஈர இலை வாசனையோடு, கருகின பிரேக் நாற்றமும் கீழே இருந்து ஏறி வந்தது. நியூட்ரலில் இறங்கிய மகாராசன்கள் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துத் தேய்த்த நாற்றம். அவள் இரண்டாம் கியரில், இன்ஜினின் பிடியிலேயே, வண்டியை நடத்திக்கொண்டு போனாள்.

ஐந்தாவது வளைவில் முன்னால் இருந்த லாரி நின்றது. கீழே ஏதோ வண்டி கவிழ்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே யாரோ நடந்து போனார்கள். வரிசை முழுவதும் நின்றது. ஒவ்வொரு இன்ஜினாக அணைந்தது.

பனி அருகில் வந்து முன்கண்ணாடியையே மூடியது.

இருபது நிமிடம் கழித்துக் கீழே எங்கேயோ இன்ஜின்கள் உறுமின. அவளும் இன்ஜினைப் போட்டாள். முன்னால் இருந்த லாரியின் சிவப்பு விளக்கைத் தேடினாள். சிவப்பு இல்லை. வெண்மைதான். முன் லாரி போய்விட்டிருக்க வேண்டும்.

இரண்டு தட்டு.

உள்ளங்கை முழுதும் தகரத்தில் பதிகிற சுத்தமான தட்டு. அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. நேற்று அந்த நான்கு பேரும் போட்ட சத்தம் இப்படி இருக்கவில்லை. இது வேலை தெரிந்த கை. அவளுடைய கை அவளைக் கேட்காமலே பிரேக் பிடியைத் தளர்த்தப் போனது.

போன கையைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. பிரேக்கைத் தளர்த்தாமலே கீழே குதித்தாள்.

முன் லாரி போகவே இல்லை. அவள் வண்டியின் முகப்புக்கும் அதன் பின்பலகைக்கும் நடுவில் இரண்டடிதான் இருந்தது. அந்த இரண்டடியில் ஒரு ஆள் குந்தியிருந்தான். வாயில் ஸ்க்ரூடிரைவர், கையில் பின்விளக்கின் கண்ணாடி.

"ஒரு நிமிஷம் அக்கா," என்றான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டு. "பல்பு போயிடுச்சு. மாத்திட்டேன். ஹாவேரியிலிருந்து வர்ற வண்டி, எல்லாமே ஓட்டை."

"என் வண்டியைத் தட்டினது நீயா?"

"நான் எதுக்குத் தட்டறேன்? என் மேல ஏத்தச் சொல்லியா?"

அவனே அந்த நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டான். நாகவேணி சிரிக்கவில்லை. இடது பக்கம் போய்ப் பார்க்கத் திரும்பினாள். முன்சக்கரம் வரைதான் போக முடிந்தது.

அதற்குமேல் சாலை இல்லை.

சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் இடம். தடுப்புச் சுவர் எப்போதோ இடிந்து போயிருந்தது. கீழே மரங்களின் உச்சிகள், அதற்கும் கீழே வெண்மை. கதவுக்கு வெளியே ஒரு ஆள் நிற்க வேண்டுமானால் அந்த வெண்மையின்மேல்தான் நின்றிருக்க வேண்டும்.

சக்கரத்தைப் பிடித்தபடி எக்கிப் பார்த்தாள். கதவு முழுதும் பனித்துளி அரும்பியிருந்தது. நீலம் தேய்ந்த இடத்தில் மட்டும் துளி இல்லை. ஒரு உள்ளங்கையும் ஐந்து விரலும் அங்கே பதிந்திருந்தன. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் மெல்ல வழிந்துகொண்டிருந்தது. கையை நீட்டித் தொட்டாள். அந்தக் குளிரில் தகரம் சூடாக இருந்தது.

நான்கு லாரி பின்னால் நடந்து போனாள். ருத்ரகவுடா மஃப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு கேபினுக்குள் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"வெளையாட்டு போதும் கவுடரே. நடுவுல ஒருத்தன் இருந்தான். எடுத்திருந்தா செத்திருப்பான்."

"என்ன வெளையாட்டு?"

"கதவைத் தட்டினீங்கல்ல."

"இந்தக் குளிர்ல எறங்கி வந்து உன் கதவைத் தட்டணும்னு எனக்கென்ன வேண்டுதலா? பயமா இருந்தா நேராச் சொல்லு. ஊருக்குள்ள குப்பை இன்னும் நெறைய இருக்கு."

பொய் சொல்கிறார் என்றே நம்பினாள். விளிம்பில் எப்படி நின்றார் என்பது மட்டும் இடித்தது. இந்த மாதிரி ஆட்கள் ஒருத்தியை அழவைப்பதற்காகத் தலைகீழாகவும் தொங்குவார்கள் என்று சொல்லிக்கொண்டாள். அது அவளுக்கே போதவில்லை.

துறைமுகத்துக்கு வந்தபோது பகல் பதினொன்று. மலையில் இருந்த குளிரின் சுவடு கூட இல்லை. உப்பு, கருவாடு, சோளத் தூசி எல்லாம் சேர்ந்த வெக்கை. இறக்கும் இடத்துக்கு முன்னால் அறுபது லாரிகள் ஒரே வரிசையில் நின்றன. மரம் ஒன்று இல்லாத வெட்டவெளி. நிழல் வேண்டுமென்றால் லாரிக்கு அடியில்தான். ஓட்டுநர்கள் துண்டை விரித்து எந்த வண்டியின் அடியில் இடம் இருக்கிறதோ அங்கே படுத்தார்கள். மேலே இருப்பவன் எடுக்கும்போது குரல் கொடுப்பான் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

நாகவேணி கேபினிலேயே இருந்தாள். ஒன்றரை மணிக்கு முன் லாரி நகர்ந்தது. நடுவில் முப்பதடி இடைவெளி விழுந்தது. அவள் இன்ஜினைப் போட்டாள்.

இரண்டு தட்டு.

இடது கண்ணாடியில் பார்த்தாள். வண்டியின் அந்தப் பக்கம் முழுதும் தெரிந்தது. வெள்ளை வெயில், வெள்ளை மணல். யாரும் இல்லை.

இரண்டு தட்டு.

கண்ணாடியில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது விழுந்தது. தகரம் அதிர்ந்தது தெரிந்தது. அதிரவைத்த கை தெரியவில்லை.

பின்னாலிருந்து ஹாரன்கள் கிளம்பின. ஒன்று, மூன்று, பத்து.

"ஏய் குப்பை வண்டி! தூங்கறியா? எடு!"

"வழி தெரியலைன்னா எறங்கி எங்கிட்ட குடுத்துடு!"

இடைவெளியைப் பார்த்துப் பின்னால் நின்றவன் ஓரமாகச் சுற்றி வந்து மூக்கை நுழைக்கத் தொடங்கியிருந்தான். முறையை விட்டால் புகார் போகும். ஒரு புகார் போனால் சாவி போகும். சாவி போனால் அவளுக்கு எங்கேயும் எதுவும் இல்லை. கிளட்சை மிதித்தாள். கியர் விழுந்தது.

இரண்டு தட்டு. இந்த முறை வேகமாக, பொறுமை இழந்ததுபோல. அதிர்வு தரை வழியாக அவள் காலுக்கு வந்தது.

எடு, எடு.

கியரைத் திரும்ப எடுத்தாள். இன்ஜினை அணைத்தாள். அறுபது லாரியும் பார்க்க இறங்கினாள்.

குனிந்தாள்.

பின்சக்கரத்துக்கு முன்னால் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, கழுத்தை டயரின்மேலேயே சாய்த்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி ருத்ரகவுடா தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் செருப்புக் காலால் அவருடைய முழங்காலை உதைத்தாள். அவர் துள்ளி எழப் பார்த்துத் தலையை அச்சில் இடித்துக்கொண்டார்.

"என் வண்டிதான் கெடைச்சுதா உங்களுக்கு?"

"மத்தவனுங்க சட்டுன்னு எடுத்துடுவானுங்க," என்றார் தலையைத் தடவியபடி. "நீ பத்துத் தடவை எறங்கிப் பாத்து எடுக்கறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுடலாம்னு..."

"தட்டினது யாரு?"

தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"தட்டினாங்களா?"

"ரெண்டு தட்டு. மூணு தடவை."

ருத்ரகவுடா எழுந்து வரவில்லை. நான்கு காலில் தவழ்ந்து வந்தார். வெயிலுக்கு வந்த பிறகும் எழுந்து நிற்காமல், மணலில் உட்கார்ந்தபடியே இடது கதவைப் பார்த்தார். பிறகு குசுகுசுவென்று சொன்னார்.

"போன மே மாசம். இதே வரிசை. இதே வண்டி. பரமப்பா அங்கதான் படுத்திருந்தான், நான் படுத்த எடத்துல."

"செத்துட்டாரா?"

"கெழவன். கண்ணு சரியாத் தெரியாதுன்னு லைசென்ஸ் குடுக்கலை. அதனாலதான் அந்த வயசுலயும் கிளீனரு. டயர் அசைஞ்சா அலறி அடிச்சுட்டு எந்திரிப்பான், பாக்கத் தமாஷா இருக்கும்னு..."

"தட்டினது நீங்க."

"சும்மா வெளையாட்டுக்கு. ரெண்டே தட்டு. ஓட்டினவன் கேட்டதும் எடுத்துட்டான். அவன் அன்னிக்கே ஊரை விட்டுப் போயிட்டான். போலீஸ்ல யாரும் எதுவும் சொல்லலை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் துண்டை உதறி மடித்தார். நாலாக மடித்து, பிரித்து, மீண்டும் மடித்தார்.

ஆறு வருடத்தில் நாகவேணியின் வண்டியில் ஏறாத குப்பை இல்லை. செத்த நாய் ஏறியிருக்கிறது, ஆஸ்பத்திரிக் கழிவு ஏறியிருக்கிறது. எதையும் இத்தனை அருவருப்போடு அவள் பார்த்ததில்லை.

"எந்திரிங்க," என்றாள். "வரிசை நிக்குது."

மாலைக்குள் ருத்ரகவுடா தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அந்தப் பொம்பளை தன்மேல் வண்டியை ஏற்றப் பார்த்தாள் என்று வரிசை முழுதும் சொன்னார். சன்னபசப்பாவுக்கு போன் போட்டும் சொன்னார்.

நிலக்கரியை ஏற்றிக்கொண்டு நாகவேணி மலை ஏறும்போது மணி நாலரை. நல்ல வெளிச்சம். முதல் வளைவு தாண்டியதும் இடது கதவில் ஒரு தட்டு விழுந்தது.

ஒரு தட்டு என்றால் நிறுத்து. அந்தச் சரிவில், அந்தப் பாரத்தோடு நிறுத்தினால் வண்டி பின்னால் உருளும். பின்னால் ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது. அதன் சன்னல்களில் தலைகள் தெரிந்தன.

இன்னொரு வளைவு. ஒரு தட்டு.

"நிறுத்த மாட்டேன்," என்றாள் சத்தமாக.

ஒரு தட்டு.

பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. மதியத்திலிருந்தே இருந்தது.

"கவுடன்மேல கோவம்னா சரி. காலையில அந்த ஹாவேரிக்காரன் உனக்கு என்னய்யா பண்ணினான்? பின்னால பஸ்ல வர்றவங்க என்ன பண்ணினாங்க? உன்னைக் கொன்ன வெளையாட்டையே நீயும் வெளையாடற. உனக்கும் அந்தக் கவுடனுக்கும் என்ன வித்தியாசம்? தூ."

தட்டு நின்றது.

இன்ஜின் சத்தம் மட்டும் இருந்தது. ஒரு வளைவு, இரண்டு வளைவு. அவள் மூச்சு விட்டாள்.

இடது கதவின் கைப்பிடி கீழே இறங்கியது.

கதவு திறக்கவில்லை. கைப்பிடி தன் இடத்துக்குத் திரும்பியது.

பீடி நாற்றம் கேபினை நிறைத்தது. இடது இருக்கையின் அடியில் ஒரு பழைய ஸ்பிரிங் இருந்தது. யாராவது உட்கார்ந்தால் மட்டும்தான் அது முனகும்.

முனகியது.

நாகவேணி திரும்பிப் பார்க்கவில்லை. ஹூப்ளிக்கு இன்னும் எண்பது கிலோமீட்டர் இருந்தது. எண்பது கிலோமீட்டரும் சாலையையே பார்த்து ஓட்டினாள். பக்கத்தில் யாரோ இருமுவது இரண்டு முறை கேட்டது. மூன்றாம் முறை இருமுவதற்குள் கப்பூர் வந்துவிட்டது.

சன்னபசப்பா அவளுக்காகக் காத்திருந்தார்.

"புகார் வந்துடுச்சு."

அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். வீசவில்லை. நடந்ததைச் சொல்லவும் இல்லை. சொன்னால் நம்புகிற ஆளிடம்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் அந்த வண்டியை எடுக்கச் சொன்னபோது ருத்ரகவுடாவுக்கு வயிற்றுவலி. அடுத்தவருக்கு மாமனார் சாகக் கிடந்தார். மூன்றாமவர் வேலையே வேண்டாம் என்று போய்விட்டார். நான்காமவர் கதவைத் திறந்து ஒரு கால் வைத்து, இருக்கையைப் பார்த்து, வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை சன்னபசப்பா நாகவேணிக்கு ஆள் அனுப்பினார்.

"நீ நல்லா ஓட்டறேன்னு கூப்பிடலை. வேற நாதி இல்லை."

"தெரியும் சவுகாரே. சாவியைக் குடுங்க."

மீதி இரண்டு நடையைப் பற்றி யாரும் பேசவில்லை. வண்டி அவள் கைக்கு வந்தது.

அடுத்த இரண்டு வருடம் மூன்று மாதத்தில் அந்த இரண்டு தட்டு இன்னும் ஒன்பது முறை கேட்டது. ஒன்பது முறையும் அவள் இறங்கிப் பார்த்தாள். ஒன்பது முறையும் சக்கரத்தின் வழியில் ஆள் இருந்தது. ஒருமுறை பஞ்சர் ஒட்டுகிறவர். ஒருமுறை சிந்திய சோளம் பொறுக்க வந்த ஒரு பெண். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநர்கள். எழுப்பி அனுப்பினாள். காரணம் சொன்னதில்லை. அவர்கள் நன்றி சொன்னதுமில்லை. தூக்கம் கலைந்ததற்குத் திட்டினார்கள். சன்னபசப்பா ஒருமுறை வண்டியை விற்கப் பார்த்தார். "வித்துடாதீங்க, வாங்கறவன் எறங்கிப் பாக்க மாட்டான்," என்றாள். அவருக்கு அது புரியவில்லை. சொன்ன விலைக்கு ஆள் கிடைக்காததால் விற்கவில்லை.

2014 ஏப்ரலில் தம்பியின் கல்யாணத்துக்காக நாகவேணி நான்கு நாள் விடுப்பு எடுத்தாள். கதகிலிருந்து வந்த புது ஓட்டுநர் ஒருவரிடம் வண்டியைக் கொடுத்தார்கள். சாவியைக் கொடுக்கும்போது அவள் சொன்னாள்:

"கதவுல தட்டு கேட்டா எடுத்துடாதே தம்பி. எறங்கிக் குனிஞ்சு பாரு."

"நான் என்ன கத்துக்குட்டியா அக்கா?"

ஏப்ரல் 22 செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்று நாற்பதுக்கு, துறைமுக வரிசையில் அந்த லாரியின் பின்சக்கரத்தில் சிக்கி மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் இறந்தார். கிளீனர் இரண்டு தட்டு தட்டினான், எடுத்தேன் என்று ஓட்டுநர் வாக்குமூலம் கொடுத்தார். கிளீனரின் பெயரைக் கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை.

லாரி பத்தொன்பது நாள் காவல் நிலைய வளாகத்தில் நின்றது. உத்தரவு வந்ததும் நாகவேணி பேருந்தில் போய் இறங்கினாள். உச்சி வெயில். கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கி, ஏறி, இன்ஜினைப் போட்டாள். காற்றழுத்தம் ஏறியதும் இடது கதவில் இரண்டு தட்டு கேட்டது.

இறங்கிப் பார்த்தாள். முன்சக்கரத்துக்கு அடியில், தொப்பியை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டு, ஊர்க்காவல் படைக்காரர் ஒருவர் நிழலுக்குப் படுத்திருந்தார். அவரை எழுப்பி வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு, வண்டியை ஹூப்ளிக்கு ஓட்டிப் போனாள்.